மூட்டை தூக்கிய தோளில் கமரா: உஸ்மான் செம்பேன் என்ற தொழிலாளிக் கலைஞன்

(எமது சங்கத்தின் கல்விப் பிரிவு தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணி, இளைஞர் அணி ஆகியோருக்காக நடத்திய வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த வகுப்புகளில் நாங்கள் வழமையாகப் பேசுவது சம்பளம், வேலைநாள், ஊழியர் சேமலாப நிதி, வீட்டுக் காணி என்பவற்றைப் பற்றித்தான். இம்முறை சினிமா என்றதும், "சங்கத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் பேசப்போவது நட்சத்திர நடிகர் ஒருவரைப் பற்றியல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, தொழிற்சங்கத்தில் சந்தா கட்டி, சங்கத்தின் நூலகத்தில் உட்கார்ந்து வாசித்து, நாற்பது வயதில் கமராவைத் தொட்ட ஒரு தொழிலாளியைப் பற்றி. அவர் பெயர் உஸ்மான் செம்பேன். மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டுக்காரர். ஆபிரிக்கச் சினிமாவின் தந்தை என்று உலகம் அவரைச் சொல்கிறது.

அவர் வரலாற்றில் எங்கள் சங்கத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதை வகுப்பின் முடிவில் தீர்மானமாக உங்கள் முன் வைக்கப் போகிறோம். அதற்கு முன்னர் அவர் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் விலக்கிய பிள்ளை

செம்பேன் 1923 இல் செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதியில் உள்ள சிகின்ஷோர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் மீன்பிடித் தொழிலாளி. நாடு அப்போது பிரான்சின் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரோடு ஏற்பட்ட மோதலால் அவர் இளம் வயதிலேயே விலக்கப்பட்டார். அதன் பிறகு தலைநகரான டக்காருக்குப் போய் மேசன் வேலை, மெக்கானிக் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், பிரான்சின் குடியேற்ற நாட்டுப் படையில் அவரையும் சேர்த்தார்கள்.

போர் முடிந்த பின்னர் அந்த நாட்டில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. டக்கார் - நைஜர் புகையிரதப் பாதையின் ஆபிரிக்கத் தொழிலாளர்கள், வெள்ளைக்காரத் தொழிலாளருக்கு உள்ள அதே தரமும் அதே குடும்பக் கொடுப்பனவும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு, 1947 ஒக்டோபர் 10 ஆம் திகதி வேலையை நிறுத்தினார்கள். 1948 மார்ச் 19 வரை, ஐந்து மாதத்துக்கும் மேலாக நின்றார்கள். ஒரு வாரம் வேலை இல்லாவிட்டால் லயத்தில் அடுப்பு என்ன பாடுபடும் என்று தெரிந்த உங்களுக்கு, ஐந்து மாதம் என்பதன் அர்த்தத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சங்கத்தின் நூலகம்

1940களின் இறுதியில் செம்பேன் பிரான்சுக்குப் போனார். பரிசில் சிற்றொயன் கார்த் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம். பிறகு தெற்கே மார்செய் துறைமுகத்தில் கப்பலில் இருந்து மூட்டை இறக்கும் வேலை. அங்கேதான் அவர் சி.ஜி.டி. என்ற தொழிற்சங்கச் சம்மேளனத்தில் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். வியட்நாம் மக்களுக்கு எதிரான போருக்கு ஆயுதம் ஏற்ற மாட்டோம் என்று மார்செய் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்து நின்றபோது அவரும் அவர்களோடு நின்றார்.

ஒரு நாள் சரக்கு இறக்கும்போது அவருடைய முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு முன்போலப் பாரம் தூக்க அவரால் முடியவில்லை. வேறொருவருக்கு அது வாழ்க்கையின் முடிவாக இருந்திருக்கும். இவருக்குச் சங்கத்தின் நூலகம் இருந்தது. பள்ளிக்கூடம் கொடுக்காததை அங்கே உட்கார்ந்து தேடினார். அவர் வாசித்தவற்றுள் ஜமெய்க்கா எழுத்தாளர் கிளோட் மெக்கேயின் நூல்களும் இருந்தன. அதே மார்செய் துறைமுகத்தின் கறுப்பினத் தொழிலாளரைப் பற்றி 1929 இலேயே நாவல் எழுதியவர் மெக்கே. தன்னைப் போன்ற ஒருவனைப் புத்தகத்தில் காணும்போது, "இதை நானும் எழுதலாமே" என்ற எண்ணம் யாருக்கும் வரும்.

செம்பேன் எழுதினார். 1956 இல் வெளிவந்த முதல் நாவலின் பெயரே "கறுப்புத் துறைமுகத் தொழிலாளி". 1960 இல் அந்தப் புகையிரத வேலைநிறுத்தத்தை வைத்து "கடவுளின் மரத்துண்டுகள்" என்ற நாவலை எழுதினார். அதில் தலைவர்களைவிடப் பெரிதாகத் தெரிகிறவர்கள் பெண்கள். கடைக்காரன் கடன் கொடுக்க மறுக்கிறான், குழாயில் தண்ணீரை நிறுத்துகிறார்கள், பிள்ளைகள் பசியில் கிடக்கிறார்கள். அந்தப் பெண்கள் தியெஸ் என்ற ஊரில் இருந்து டக்கார் வரை நடந்தே ஊர்வலம் போகிறார்கள். வேலைநிறுத்தம் பிரட்டுக்களத்தில் தொடங்கலாம், ஆனால் அது நிலைப்பதும் உடைவதும் குசினியில்தான் என்பதை எங்கள் மாதர் அணித் தோழியர் நன்றாக அறிவார்கள்.

எழுத்தில் இருந்து படத்துக்கு

1960 இல் செனகல் சுதந்திரம் அடைந்தது. செம்பேன் ஆபிரிக்காவுக்குத் திரும்பி ஊர் ஊராகச் சுற்றினார். அப்போது ஒரு கசப்பான உண்மை அவருக்கு உறைத்தது. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அவருடைய புத்தகத்தை வாசிக்க முடியாது. புத்தகம் பிரெஞ்சு மொழியில். மக்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த மொழியிலும் எழுத்தறியாதவர்கள். வாசித்துப் பாராட்டியவர்கள் பரிசிலும் டக்காரின் பெரிய வீடுகளிலும் இருந்தவர்கள்.

அப்படியானால் அந்த மக்களிடம் எப்படிப் போவது? படம் எடுத்தால் எழுத்துத் தெரியாதவரும் பார்ப்பார். சினிமாதான் எங்கள் மக்களின் இராப் பள்ளிக்கூடம் என்று அவர் சொல்லத் தொடங்கினார். பேர்பெற்ற நாவலாசிரியராக ஆன பிறகு, நாற்பது வயதை எட்டும்போது, மீண்டும் மாணவனாகப் போக அவர் கூச்சப்படவில்லை. 1962 இல் மொஸ்கோவில் கோர்க்கி ஸ்டூடியோவில் சிறிது காலம் பயிற்சி பெற்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் மார்க் டொன்ஸ்கோய். எங்களில் பலர் வாசித்த கோர்க்கியின் "தாய்" நாவலைப் படமாக்கிய இயக்குநர் அவர். அந்தக் குறுகிய பயிற்சியோடு நாடு திரும்பி, மற்றதையெல்லாம் படம் எடுத்தே படித்தார்.

வண்டிக்காரன்

முதல் படம் 1963 இல் வந்த "பொரொம் சரெத்". வண்டிக்காரன் என்று அர்த்தம். இருபது நிமிடம் அளவுதான். டக்காரில் குதிரை வண்டி ஓட்டும் ஒரு ஏழையின் ஒரு நாள்.

காலையில் ஏறுகிறவர்கள் பலர் காசு கொடுப்பதில்லை. அவர்களும் ஏழைகள். பிறகு ஒரு பாணன் வந்து அவனுடைய முன்னோரின் வீரத்தைப் புகழ்ந்து பாடுகிறான். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி, உழைத்த காசு முழுவதையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறான் வண்டிக்காரன். இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு தகப்பனை மயானத்துக்கு ஏற்றிப் போகிறான். பத்திரம் சரியில்லை என்று அங்கே உள்ளே விட மறுக்கிறார்கள். கடைசியாக, நன்றாக உடுத்த ஒருவன் பணக்காரர் வாழும் மேட்டுப் பகுதிக்குப் போகச் சொல்கிறான். குதிரை வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. பொலிஸ்காரன் மறிக்கிறான். வண்டிக்காரன் போருக்குப் போய் வாங்கிய பதக்கம் நிலத்தில் விழ, பொலிஸ்காரனின் சப்பாத்து அதை மிதிக்கிறது. வண்டியைப் பறிக்கிறார்கள். அழைத்து வந்தவன் காசும் கொடுக்காமல் நழுவிவிடுகிறான்.

குதிரையோடு மட்டும் வீட்டுக்கு வருகிறான். மனைவி கைப்பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, இன்று இரவு சாப்பிடுவோம் என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

தொழிலாளியைத் தேவனாகக் காட்ட செம்பேன் முயலவில்லை என்பதையும் கவனியுங்கள். தன் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசைப் புகழ்ச்சிக்காகக் கொடுத்தவனும் அதே வண்டிக்காரன்தான். தேர்தல் காலத்தில் மாலையும் மேடையும் கண்டு மயங்குகிற எங்களுக்கும் அந்தக் காட்சி பொருந்தும்.

வேலைக்காரப் பெண்ணின் சூட்கேஸ்

1966 இல் அவருடைய முதலாவது முழுநீளப் படம் வந்தது. தமிழில் "இன்னாரின் கறுப்பி" என்று சொல்லலாம். பிரான்சில் ஒரு பத்திரிகையில் வந்த சின்னச் செய்திதான் அதன் மூலம். அதை முதலில் சிறுகதையாக எழுதி, பிறகு படமாக்கினார். நாயகியாக நடித்த எம்பிசின் தெரேஸ் டியோப் தையல் வேலை செய்துவந்த பெண்.

கதை இதுதான். டியுவானா என்ற பெண் டக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பிள்ளை பார்க்கும் வேலை செய்கிறாள். அவர்கள் பிரான்சுக்கு அழைக்கிறார்கள். பெரிய ஊர், கடைகள், அழகான உடுப்பு என்று கனவோடு போகிறாள். அங்கே போனதும் சமையல், கழுவல், துடைத்தல் எல்லாம் அவள் தலையில். வீட்டை விட்டு வெளியே போக வழியில்லை. விருந்தாளிகள் அவளை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கிறார்கள். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தாயிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. எசமான் அதை வாசித்துக் காட்டி, அவள் கேட்காமலே அவள் பெயரில் தானே பதில் எழுதத் தொடங்குகிறான். அவள் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். தன் வாய்ப்பேச்சைக்கூட அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முடிவில் சூட்கேசை அடுக்கி வைத்துவிட்டு, அந்த வீட்டுக் குளியலறையிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

எசமான் சூட்கேசையும் சம்பளக் காசையும் எடுத்துக்கொண்டு டக்காருக்கு வந்து தாயிடம் நீட்டுகிறான். தாய் காசைத் தொட மறுக்கிறாள். டியுவானா முன்பு அந்த வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்த முகமூடியை ஒரு சின்னப் பையன் முகத்தில் மாட்டிக்கொண்டு, அந்த மனிதனின் பின்னாலேயே நடக்கிறான். அவன் வேகமாக நடக்கிறான், பையனும் விடாமல் போகிறான். மகளை இழந்த தாயின் மறுப்பும் ஒரு பிள்ளையின் பார்வையும் போதும், குற்றவாளிக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் மத்திய கிழக்குக்குப் போன மகளோ, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன தங்கையோ இல்லாத குடும்பம் எத்தனை? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, தொலைபேசியில் பேச விடுகிறார்களா, ஒப்பந்தத்தில் எழுதிய வேலை எது, செய்யச் சொல்லும் வேலை எது என்று கேட்கிற நாங்கள், டியுவானாவின் கதையைத் தூர தேசத்துக் கதை என்று சொல்லிவிட முடியாது.

காசுக்கட்டளை

1968 இல் வந்த "மண்டபி" என்ற படத்தின் பெயருக்குக் காசுக்கட்டளை என்று பொருள். வொலொஃப் மொழியில் வந்த முதலாவது முழுநீளப் படம் அது. சொந்த மொழியில் திரையில் பேசுவதைக் கேட்ட மக்களின் மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். வெனிஸ் திரைப்பட விழாவிலும் அதற்குப் பரிசு கிடைத்தது.

இப்ராஹிமா டியெங் வேலையில்லாத மனிதர். இரண்டு மனைவியர், ஏழு பிள்ளைகள். பரிசில் தெருக் கூட்டும் மருமகன் 25,000 பிராங்குக்குக் காசுக்கட்டளை அனுப்புகிறான். அதில் 20,000 தனக்காகச் சேமித்து வைக்க, 3,000 தன் தாய்க்கு, 2,000 மாத்திரம் டியெங்குக்கு. ஆனால் காசு வந்த செய்தி அவர் காதுக்கு முன்னால் ஊரின் காதுக்குப் போய்விட்டது. கடன்காரர், உறவினர், அயலவர் எல்லாரும் வாசலில்.

தபாற்கந்தோரில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அவரிடம் இல்லை. அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பிறந்த திகதி வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஏறக்குறைய 1900 என்பது மட்டும். படம் வேண்டும், முத்திரை வேண்டும். ஒரு கந்தோர் மற்றக் கந்தோருக்கு அனுப்புகிறது. படம் பிடிக்கிறவன் ஏமாற்றுகிறான். இறுதியில் படித்த உறவினன் ஒருவன், "நான் எடுத்துத் தருகிறேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு காசை எடுக்கிறான். பிறகு, வழியில் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிக் கொஞ்சம் அரிசியைக் கொடுத்து அனுப்புகிறான்.

டியெங் வீண்பெருமை பிடித்தவர், மனைவியரை அதட்டுகிறவர். அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரைக்கும் பத்திரத்துக்காக வரிசையில் நின்ற சமூகம் எங்களுடையது. சான்றிதழில் பெயர் ஒரு விதம், தோட்டத்துப் பதிவில் வேறு விதம் என்று சேமலாப நிதிக் காசை எடுக்க முடியாமல் அலைகிற ஓய்வுபெற்ற தாய்மார் இன்றைக்கும் எங்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு வருகிறார்கள். அவர்களிடம் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்தைப் போடுங்கள்" என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். டியெங்கை ஏமாற்றியவன் வெள்ளைக்காரனல்ல, சொந்தக்காரன். சுதந்திரம் கிடைத்த பிறகு யார் முதுகில் யார் ஏறினார்கள் என்பதுதான் செம்பேனின் கேள்வி.

அதிகாரத்துக்குப் பிடிக்காத படங்கள்

அவருடைய எல்லாப் படத்தையும் இன்று விரித்துச் சொல்ல நேரமில்லை. "எமிதாய்" (1971) போர்க் காலத்தில் பிரெஞ்சுப் படை நெல்லைப் பறிக்க வந்தபோது அதை ஒளித்துவைத்த கிராமப் பெண்களின் கதை. "சாலா" (1975) புதுப் பணக்காரரைக் கேலி செய்கிறது. சொந்த நாட்டின் தணிக்கை அதில் கத்தரி வைத்தது. "செத்தோ" (1977) படத்தைச் செனகல் அரசு தடை செய்தது. தலைப்பில் ஓர் எழுத்தை இரட்டித்து எழுதியது பிழை என்பது சொல்லப்பட்ட காரணம். செம்பேன் அந்த எழுத்தை மாற்ற மறுத்தார். அப்போதைய ஜனாதிபதி செங்கோர் தாமே ஒரு கவிஞர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1988 இல் தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து எடுத்த "தியரோய் முகாம்" எங்களுக்கு மிகவும் நெருங்கியது. பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரின் சிறையில் இருந்து திரும்பிய ஆபிரிக்கப் படையினர், டக்காருக்கு அருகே தியரோயில் தங்களுக்கு வர வேண்டிய நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 ஆம் திகதி அதிகாலையில் அவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்கள் 35 பேர் என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். உண்மைத் தொகை அதைவிட மிக அதிகம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். உழைத்த சம்பளத்தைக் கேட்டதற்குக் குண்டு. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு இரையானதை வருடா வருடம் நினைவுகூரும் நாங்கள், தியரோயின் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடைசிப் படமான "மூலாதே" 2004 இல் வந்தது. அப்போது அவருக்கு 81 வயது. பெண் பிள்ளைகளின் உறுப்பைச் சிதைக்கும் சடங்கில் இருந்து தப்பி ஓடிவந்த நான்கு சிறுமியருக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுக்கிறாள் ஒரு தாய். வாசலில் ஒரு கயிறு கட்டுகிறாள், அவ்வளவுதான். மரபுப்படி அதைத் தாண்டி யாரும் வர முடியாது. ஊர் ஆண்கள் பெண்களின் வானொலிகளைப் பறித்துக் குவித்துத் தீ வைக்கிறார்கள். பெண்கள் செய்தி கேட்பதற்கு அவ்வளவு பயம். கான் விழாவில் பரிசு பெற்றது அந்தப் படம். 2007 ஜூன் 9 ஆம் திகதி செம்பேன் காலமானார்.

நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

செம்பேன் தன் படங்களை விழாக்களுக்கு மட்டும் அனுப்பவில்லை. கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். படம் முடிந்ததும் மக்களோடு உட்கார்ந்து பேசினார். அந்தப் பேச்சுக்காகத்தான் படமே.

அவரைத் தானாகக் கற்றவர் என்று எழுதுகிறார்கள். உண்மை. ஆனால் அவர் தனியாகக் கற்கவில்லை. முதுகு முறிந்த ஒரு துறைமுகத் தொழிலாளிக்குப் புத்தகம் கொடுத்தது ஒரு தொழிற்சங்கம். தொழிலாளரின் சந்தாக் காசில் வாங்கிய புத்தகம் அது. அந்த நூலகம் இல்லாதிருந்தால் செம்பேன் இருந்திருப்பாரா என்று நாங்கள் கேட்க வேண்டும். எங்கள் லயங்களில் எத்தனை செம்பேன்கள் சாதாரண தரத்தோடு நின்று, கொழும்புக் கடைகளில் சாமான் அடுக்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் மலைகளை எடுக்கும் கமராக்களுக்குக் குறைவில்லை. தேயிலை விளம்பரத்தில் கூடையும் சிரிப்பும் வருகின்றன. கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் போட்ட செக்ரோல் வருவதில்லை. அட்டை கடித்த கால் வருவதில்லை. மண்சரிவு அபாயம் என்று அறிவித்த லயத்தில் இன்னும் படுத்திருக்கும் குடும்பம் வருவதில்லை. அதை எடுக்க வேண்டியவர்கள் இங்கே பின்வரிசையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள்தான். எடுக்கும்போது செம்பேனைப் போல எங்கள் குறையையும் எடுங்கள். கசிப்பையும் எடுங்கள், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணையும் எடுங்கள், உறுப்பினரைத் திரும்பிப் பார்க்காத சங்கத் தலைவர் இருந்தால் அவரையும் எடுங்கள்.

ஆகவே மூன்று தீர்மானங்களை இந்த வகுப்பின் முன் வைக்கிறோம்.

முதலாவது, மாதச் சந்தாவில் ஒரு சிறு பங்கு ஒதுக்கி, ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் ஒரு வாசிகசாலை திறக்க வேண்டும். பூட்டி வைக்கும் அலுமாரி வேண்டாம். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையில் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மாதம் ஒரு தடவை ஏதாவதொரு தோட்டத்தில் ஒரு படம் காட்ட வேண்டும். டியுவானாவின் கதையோடு தொடங்கலாம். படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். முடிந்ததும் யாரும் எழும்பிப் போகாமல், குறைந்தது அரை மணித்தியாலம் பேச வேண்டும். முதலில் பேசுகிறவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, இளைஞர் அணி தங்கள் தோட்டத்து ஒரு வேலைநாளைப் பத்து நிமிடப் படமாக எடுக்க வேண்டும். பிரட்டுக்களத்தில் தொடங்கி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் முடியட்டும். தராசு என்ன காட்டுகிறது, புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியட்டும். முதலில் அதை அந்தத் தோட்டத்து மக்களுக்கே காட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. தோட்டக் கமிட்டிகள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசி, முடிவை மாவட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். மாதர் அணியில் இருந்து தொடங்குவோம்.